இன்னாசித் தண்டலுக்குச் சொன்ன வார்த்தை

தாழைமுனையில் தமிழில் சொன்ன எந்தத் தடையும் எவர் காதிலும் ஏறாமல் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. முதல் பூசை மணி அடிக்கும் முன்பே அந்த ஊர்ப் பெண்கள் தொடங்கிவிடுவார்கள்: ஓடாதே, தொடாதே, குடிக்காதே, கொட்டாதே, அவன்கூடச் சேராதே, வாசலில் துப்பாதே, என் தாயை இழுக்காதே. இப்படி ஆண்டாண்டாக அரைத்து அரைத்து, அந்தச் சொற்களில் கொத்திவைத்த பள்ளமெல்லாம் பழைய அம்மிபோல வழுவழுவென்று தேய்ந்து, கடைசியில் மிளகாய்கூட மசியாத நிலைக்கு வந்துவிட்டது. ஆண்கள் குடித்தார்கள், பிள்ளைகள் ஓடினார்கள், கோழிகள் காயப்போட்ட அரிசியைக் கொத்தின. ஆகவே, சிஸ்டர் லெயோக்காதியாவின் ஸ்பானிஷ் வகுப்பில் கற்ற ஒரு சொல், கஸ்பார் தூக்கிய பாட்டிலை அவன் உதட்டுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் அந்தரத்தில் நிறுத்திவைத்தபோது, ஊர் வியந்தது என்று சொல்ல முடியாது. "இத்தன வருசமா இத எங்க ஒளிச்சு வச்சிருந்தாவ?" என்றுதான் கேட்டது.

வகுப்பு நடந்தது கோயிலுக்குப் பின்னால் இருக்கும் பங்கு மன்றத்தில். சிஸ்டர் லெயோக்காதியா இதே கடற்கரையில் பிறந்து, வாழ்நாளின் பெரும்பகுதியை ஸ்பெயினில் ஒரு முதியோர் இல்லத்தில் கிழவர்களைக் குளிப்பாட்டியே கழித்து, முழங்கால் தேய்ந்தபின் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர். அங்கே வேலைக்குப் போக ஆசைப்படும் பெண்பிள்ளைகளுக்காகத் தொடங்கிய வகுப்பு அது. அதில் தலை நரைத்தவளாகப் போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தவள் பெர்பெத்துவா ஒருத்திதான். அவள் மகன் அந்த நாட்டில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்து, அந்த நாட்டுப் பெண்ணையே கட்டிக்கொண்டான்; அவர்களுக்குப் பிறந்த பேரன் போனில் முகத்தைக் காட்டி ஏதேதோ சொல்வான். இவள் தமிழில் கேட்பாள், அவன் தன் பாஷையில் பதில் சொல்வான், கடைசியில் இரண்டு பேரும் நாக்கை நீட்டிக் காட்டிக்கொள்வதோடு பேச்சு முடிந்துவிடும். "என் ரத்தம் எங்கிட்ட என்ன கேக்குதுன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?" என்று சொல்லிவிட்டுத்தான் சேர்ந்தாள்.

அவள் கான்வென்டில் படித்தவள் என்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்கள் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அவளே அதை முடித்துக் கொடுத்துவிடுவதில் தெரிந்துவிடும். புருஷன் இன்னாசி, மாலத்தீவுக்குச் சரக்கேற்றிப் போகும் தோணியை நடத்தும் தண்டலாக இருந்தவர். நட்சத்திரத்தைப் பார்த்துத் திசை சொல்வார், காற்றை மோந்து மழை சொல்வார், ஆனால் ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாது. கடலை விட்டு வீட்டோடு வந்தபின் காலையில் அவள் பேப்பர் வாசிக்க, அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். செய்தி ஒரு வரி என்றால் அவள் ஏச்சு மூன்று வரி. மந்திரியை ஏசுவாள், மழையை ஏசுவாள், மரண அறிவித்தலில் சிரித்துக்கொண்டிருக்கும் போட்டோக்களை ஏசுவாள், இடையிடையே, டீயை ஆறவிட்டதற்காக அவரையும் ஏசுவாள். "உன் வாய் இல்லன்னா எனக்கு விடிஞ்சது தெரியாது" என்பார் இன்னாசி. அதற்கும் ஏசுவாள்.

சிஸ்டர் அந்தப் பாடத்தை எடுத்த நாள் நல்ல வெயில். "இந்தப் பாஷையில ஒருத்தர ஒண்ணு செய்யாதன்னு சொல்லணும்னா, சொல்லு தன் சட்டைய மாத்திக்கிடும்" என்றார் அவர். "கடவுள்ட்ட 'அப்படி ஆகட்டும்'னு கேக்கும்போது ஒரு சட்ட போடும் பாருங்க, அதே சட்ட. தடுக்கதுக்கும் வேண்டுததுக்கும் ஒண்ணுதான்."

"ரெண்டு பேருக்கு ஒரு சட்டைன்னா, ஒருத்தன் அம்மணமால்லா நிக்கணும் சிஸ்டர்?" என்றாள் பெர்பெத்துவா. வகுப்பு சிரித்தது. சிஸ்டரும் சிரித்தார்.

அன்று மாலையே அடுத்த வீட்டு அமலோற்பவம், புருஷன் கஸ்பார் வாசலில் நின்றபடி பாட்டிலைத் தூக்குவதைப் பார்த்து, ஏசுவதற்கு வேறு சொல் மிச்சமில்லாத அலுப்பில், வீட்டுப்பாடத்தைச் சொன்னாள்: "நோ பேபாஸ்." குடிக்காதே. கை நின்றது. கஸ்பார் மறுகையால் அதைத் தள்ளிப் பார்த்தான்; தலையைப் பாட்டிலிடம் கொண்டுபோனான்; வாய் மூடிக்கொண்டது. அமலோற்பவம் தெருவில் ஓடி நின்று ஆனந்தக் கூத்தாடினாள். ஆனால் அவள் எதைக் குடிக்காதே என்று சொல்லவில்லை. காலையில் அவனுக்குக் காப்பி இறங்கவில்லை, மத்தியானம் தண்ணீர் இறங்கவில்லை. அதற்கப்புறம் கஸ்பார் தண்ணீரைத் தின்றுதான் உயிர் வாழ்ந்தான்: ஐஸ் கட்டியை மென்றான், தர்ப்பூசணியைக் கடித்தான், பன்னைத் தண்ணீரில் ஊறவைத்து விழுங்கினான். "பாவம்" என்றார்கள் ஆண்கள். "ஐஸ் வாங்கிக் குடுக்கேன்லா, பெறகென்ன பாவம்?" என்றாள் அமலோற்பவம்.

அடுத்த வகுப்புக்கு மன்றத்தில் இடம் இல்லை. வெங்காயம் உரிப்பவள் உரித்துக்கொண்டே, மீன் ஆய்பவள் ஆய்ந்துகொண்டே, கைப்பிள்ளைக்காரி பால் கொடுத்துக்கொண்டே, ஜன்னல் கம்பியில் தொங்கியபடி கற்றார்கள். "ரயிலடி எங்கே, ரொட்டி எங்கே, உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி" என்ற பாடங்களையெல்லாம் ஒருத்தியும் சீந்தவில்லை. "எங்களுக்கு மகிழ்ச்சி வேண்டாம் சிஸ்டர், அந்த ஒரு பாடத்த மட்டும் எடுங்க" என்றார்கள். சில வாரங்களில் ஊர் அடங்கியது. நாய்கள் வாயைத் திறந்து மூடின, சத்தம் வரவில்லை. பிள்ளைகள் விழுந்து முட்டி உரிந்தால் எழுந்து நின்று ரத்தத்தைப் பார்த்தன, அழவில்லை. பங்குச் சாமியாருக்கு மட்டும் மரியாதை கருதி மரியாதைச் சொல்லில் "நோ ஆப்லே", பேசாதீர், என்று எவளோ முணுமுணுத்துவிட்டாள். அதற்கப்புறம் பிரசங்க நேரத்தில் சாமியார் பீடத்தில் நின்று மக்களைப் பார்ப்பார், மக்கள் அவரைப் பார்ப்பார்கள், கொஞ்ச நேரத்தில் காணிக்கைத் தட்டு கிளம்பிவிடும். முன்னைவிட மனதில் நிற்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள்.

மெல்ல மெல்ல அதன் ஓரங்களும் பிடிபட்டன. வலை பின்னுகிற குருசுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவன் பெண்டாட்டி தொண்டை கிழியக் கத்தியும் அவன் குடித்துக்கொண்டே இருந்தான், சாராயக்கடையில் கடைசியில் மிஞ்சியவன் அவன் ஒருவனே. ஆக, சொல் காது வழியாகத்தான் நுழைகிறது. பெண்கள் வரிசையாகக் கரையில் நின்று, வீட்டுச் சுவரை நக்க வரும் கடலிடம் ஏறாதே என்று சொல்லிப் பார்த்தார்கள்; கடலுக்குக் காது இல்லை. தெற்குத் தெருவில் ஒரு புதுப்பெண்ணைத் தாய் வெளியே போகாதே என்றாள், மாமியார் உள்ளே வராதே என்றாள். அவள் அன்று முதல் வாசற்படியில் நிற்கிறாள், சாப்பாடு அங்கேயே, தூக்கம் நிலையைப் பிடித்தபடி. வருகிறவர்கள் பக்கவாட்டில் நுழையப் பழகிக்கொண்டார்கள்.

பிரகாசியின் மகன் வள்ளத்தோடு காணாமல் போனவன். அவள் ஒருத்திதான் தடுப்பதற்கு ஒன்றும் இல்லாமல் வகுப்புக்கு வந்தவள். அந்த இன்னொரு சொல்லை, வேண்டுகிற சொல்லை, கேட்டு வாங்கிக்கொண்டு போய், அவன் திரும்பி வரட்டும், "கே வுவெல்வா, கே வுவெல்வா" என்று கரையில் நின்று ஒவ்வொரு சாயங்காலமும் சொன்னாள். அலை வந்தது. நுரை வந்தது. ஒரு செருப்பு வந்தது, அதுவும் வேறு யாருடையதோ. தடுக்கிற சொல் கல்லாய் நின்ற ஊரில் வேண்டுகிற சொல் காற்றாய்ப் போனது. "எதயும் நிறுத்தத்தான் நமக்குக் குடுத்திருக்கு, வரவைக்க இல்ல" என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். பேசிவிட்டு, நிறுத்த வேண்டியதை நிறுத்தப் போனார்கள்.

பெர்பெத்துவா இதிலெல்லாம் அதிகம் கலக்கவில்லை. பேரனிடம் "வணக்கம், சாப்பிட்டாயா" சொல்லும் அளவுக்கு அவள் கற்றிருந்தாள். இன்னாசியிடம் நிறுத்துவதற்கு அவளுக்கு எதுவும் இல்லை. ஏசுவதற்குத்தான் இருந்தது, ஏச்சு நிறுத்துவதற்காகச் செய்யப்படுவதல்ல. அப்போதுதான் அவர் வயிற்றில் கட்டி வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் செய்யாமல் தைத்து அனுப்பினார்கள். "வேட்டிய மாத்திரம் கிழிச்சுத் தச்சுக் குடுத்த மாதிரி" என்று பெர்பெத்துவா ஏசினாள். இன்னாசி சிரித்தார். சிரித்தால் வலித்தது, அதையும் ஏசினாள்.

தாழைமுனையில் நன்மரண சபை என்று ஒன்று உண்டு. சூசையப்பர் படத்தோடும் ஊதாத் துண்டோடும் மெழுகுவத்தியோடும் போய், சாகிறவன் கையில் வத்தியைப் பிடிக்கவைத்து, மன்றாட்டு சொல்லி, நல்ல மரணத்துக்கு வழியனுப்புவது அவர்கள் வேலை. சபையின் வத்தி இல்லாமல் இந்த ஊரில் எவரும் செத்ததில்லை என்பது அவர்கள் பெருமை. அந்தப் பெருமையைக் காப்பாற்ற அவர்கள் எப்போதும் கொஞ்சம் முந்தியே வந்துவிடுவார்கள். வெறும் காய்ச்சலில் கிடந்தவன் வத்தியை வாங்கி, அதில் பீடி பற்றவைத்துக்கொண்டு எழுந்து போன கதையும் உண்டு. ஆனால் இன்னாசி விஷயத்தில் அவர்கள் முந்தி வரவில்லை. சரியான நேரத்துக்கு வந்தார்கள். அதைத்தான் பெர்பெத்துவாவால் பொறுக்க முடியவில்லை.

தலைவர் தொபியாஸ் வாத்தியார் வாசலில் கைமணியை அடித்துவிட்டு உள்ளே வந்தார். இன்னாசியின் மூச்சு, கரையில் இழுத்துவிட்ட மீனைப்போல, இடைவிட்டு இடைவிட்டு வந்தது. நகம் நீலம் பாய்ந்திருந்தது.

"அம்மா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. வத்தியப் பிடிக்க வைக்கணும்."

"ஏன் வாத்தியாரே, உமக்குப் பஸ் போயிருமா?"

"நேரம் நெருங்குதுல்லாம்மா. அவரு ஆத்துமம் சமாதானமாப் போகட்டும்."

"போகட்டும்னு சொல்ல நீரு யாரு? அவுகள நீரா பெத்தீரு? உம்ம வத்திக்கு ஆள் வேணும்னா வேற வீட்டப் பாரும்."

சபை அவள் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. துக்க வீட்டுப் பேச்சு அவர்களுக்குப் புதிதல்ல. முழங்காலில் நின்று மன்றாட்டைத் தொடங்கினார்கள். "இவருக்காக வேண்டிக்கொள்ளும்" என்று அறை முழுக்க ஒரே குரலாய் எழுந்தது, மெழுகு அவர் விரலில் சொட்டியது, அவர் விரல் அதற்கு அசையவில்லை. பெர்பெத்துவா அந்த வத்தியைப் பிடுங்கி எறிந்தாள். குனிந்தாள். முப்பது வருஷத்தில் ஒருநாளும் 'நீரு' என்பதிலிருந்து இறங்காதவள், முதல்முறையாக அவரை 'நீ' என்று, அதுவும் அந்நிய பாஷையில், காதோடு வாய் வைத்துச் சொன்னாள்.

"நோ தே முவேராஸ்."

சாகாதே.

போய்க்கொண்டிருந்த மூச்சு வாசல்வரை போய், எதையோ மறந்தவனைப்போலத் திரும்பி வந்தது. இன்னாசி கண்ணைத் திறந்தார். தொபியாஸ் வாத்தியார் மன்றாட்டின் பாதியில் நிறுத்தி, சுற்றிலும் பார்த்து, வேறு என்ன செய்வது என்று தெரியாமல், கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள்.

ஊர் இதையும் ஏற்றுக்கொண்டது, அப்பம் வாங்குவதுபோல வரிசையில் நின்று. அன்று சாயங்காலமே மேலத் தெருவில் ஒரு கிழவனுக்குச் சொல்லப்பட்டது, மறுநாள் பாம்பு கடித்த பையனுக்கு, அதற்கப்புறம் எவர் வீட்டில் எவருக்கு மூச்சு இரைத்தாலும் முதலில் ஓடி வருவது அந்தச் சொல்தான். துக்கமணி அடிப்பது நின்றது. கல்லறைத் தோட்டத்தில் புல் இடுப்பளவு வளர்ந்தது, ஆடுகள் போய் மேய்ந்தன. நன்மரண சபை கூடிப் பேசி, துண்டுகளை மடித்துப் பெட்டியில் வைத்தது. தூத்துக்குடியிலிருந்து சவப்பெட்டி கொண்டுவருகிறவன் அதே பலகையில் கட்டில் செய்து விற்றான். கட்டிலுக்குத்தான் இப்போது தேவை இருந்தது.

ஏனென்றால் சாகவில்லையே தவிர, ஒருவரும் சுகமாகவும் இல்லை. கட்டி வளர்ந்தது. புண் புரையோடியது. சதை தன் வேலையைத் தான் பாட்டுக்குச் செய்துகொண்டே போக, உயிர் மட்டும் இறங்க அனுமதியில்லாத பயணியைப்போல உள்ளே உட்கார்ந்திருந்தது. மத்தியான நேரத்தில் தெருவில் நடந்தால் இரு பக்க வீடுகளிலிருந்தும் முனகல் வரும்; பிள்ளைகள் அந்தத் தாளத்துக்குப் பாண்டி ஆடப் பழகிவிட்டன. பெண்கள் சமையல் நேரத்தை மாற்றிக்கொண்டார்கள், புண் கழுவும் நேரம் பார்த்து. சூசையப்பர் திருநாளுக்குக் கட்டில்களைத் தூக்கிவந்து கோயில் முற்றத்தில் வரிசையாக வைத்தார்கள். நல்ல மரணம் கிடைக்கட்டும் என்று ஊரே சேர்ந்து வேண்டியது, தமிழில் ஒருமுறை, ஸ்பானிஷில் ஒருமுறை. பிறகு கட்டில்களை அப்படியே தூக்கிக்கொண்டு திரும்பிப் போனார்கள். கட்டில் தூக்குகிறவர்களுக்கு அன்று கோயில் செலவில் பிரியாணி.

பெர்பெத்துவா வலியை நிறுத்தப் பார்த்தாள். வேதனைப்படாதே, "நோ சுஃப்ராஸ்" என்றாள். இன்னாசியின் முகம் சட்டென்று கழுவிவைத்த தட்டுபோல ஆனது, முனகல் நின்றது. ஆனால் போர்வைக்குக் கீழே அவர் கால்விரல்கள் சுருண்டு சுருண்டு விரிவதை அவள் பார்த்தாள். வலி அவர் செய்கிற வேலை அல்ல, அவருக்குச் செய்யப்படுகிற வேலை. அதற்கும் கடலைப்போலக் காது இல்லை. சாவுதான் மனிதன் தானே செய்கிற வேலை போலிருக்கிறது. அதைத்தான் அவள் தடுத்துவைத்திருந்தாள்.

பேப்பர் வாசிப்பது மட்டும் நிற்கவில்லை. அவள் வாசித்தாள், ஏசினாள், கழுவிய தட்டு முகத்தில் உதட்டோரம் கொஞ்சம் அசையும். ஒரு காலையில் நடுவில் அவர் கூப்பிட்டார்.

"பெர்பெத்துவா."

"என்ன, தண்ணியா?"

"நங்கூரத்தத் தூக்கு."

"எந்த நங்கூரத்த? வீட்டுக்குள்ள கிடந்துக்கிட்டு நங்கூரமாம்."

"காத்து நல்லாருக்கு. கயித்த அவுத்து மட்டும் விடு, நானே போயிருவேன். ஒனக்குச் செரமம் இல்ல."

"எனக்குச் செரமம் இல்லன்னு யாரு சொன்னா?" என்றாள் பெர்பெத்துவா, குரல் உடைந்தது, உடனே அதை ஒட்டவைத்துக்கொண்டாள். "நீரு போயிட்டா இந்தப் பேப்பரக் காக்காய்க்கா வாசிக்கது?"

"காக்காய்க்கு வாசி" என்றார் இன்னாசி. "நான் தொறையில கட்டுன தோணி மாதிரி கிடந்து இத்துப்போறேன். ஒரு தண்டல இப்படிப் போட்டு வைக்கப்படாது பெர்பெத்துவா."

அன்று அவள் கன்னியர் மடத்துக்குப் போனாள். சிஸ்டர் லெயோக்காதியா வகுப்பை நிறுத்திப் பல நாள் ஆகியிருந்தது. கேட்டுக்கு வெளியே இரண்டு மூன்று பெண்கள் புதுச் சொற்கள் கேட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைத் தாண்டி உள்ளே போய், உட்காராமலேயே கேட்டாள்.

"சிஸ்டர், இத எப்படித் திருப்புதது?"

சிஸ்டர் தன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். "செத்துப்போன்னே சொன்னா?" என்றார் மெதுவாக.

"சொல்லியாச்சு. சுவரப் பாத்து நின்னு சொன்னேன், அவுக முகத்தப் பாத்துச் சொல்ல வரல. ஏவுத சொல்லுக்கு இந்த ஊர்ல கோழிகூட அசையாது."

"இளைப்பாறட்டும்னு?"

"கே தெஸ்கான்சே. ஜெபமால மாதிரி உருட்டியாச்சு. பிரகாசி மவன் வந்தாத்தான் அதுவும் வரும்."

"அப்ப... உயிரோட இருக்காதன்னு..."

"தெக்குத் தெருவுல ஒருத்தி வாசப்படியில நிக்கா, பாத்தியளா சிஸ்டர்? ரெண்டு தடைக்கு நடுவுல. எம் மனுசன அங்க கொண்டு நிறுத்தச் சொல்லுதியளா?"

சிஸ்டர் முழங்காலிலிருந்து கையை எடுத்தார். "அங்க நாங்க தெனமும் இதச் சொல்லுவோம் பெர்பெத்துவா. கையப் பிடிச்சுக்கிட்டு, நெத்தியத் தொடச்சுக்கிட்டு, போவாதீங்க, சாவாதீங்கன்னு. அத்தன பேரும் நிம்மதியாச் செத்தாங்க. அங்க அது ஆறுதல். இங்க வந்துதான் சட்டமாயிட்டு." பிறகு, "எனக்குத் தெரியலம்மா" என்றார்.

"தெரியாதத எதுக்குச் சொல்லிக் குடுத்திய?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் பெர்பெத்துவா வெளியே வந்தாள்.

வரும் வழியில் சாராயக்கடைக்கு எதிரே குருசு உட்கார்ந்திருந்தான், ஊரிலேயே தடை இல்லாத ஒரே மனிதன், பாட்டிலும் கையுமாக, உலகத்தின் எந்தப் பேச்சும் தன்னைத் தீண்டாத முகத்தோடு. பெர்பெத்துவா நின்றாள். சொல் காது வழியாக நுழைகிறது. காது இல்லாதவனைக் கட்டுவதில்லை. அப்படியென்றால், அவர் என் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டால், நான் சொன்னது அவரைவிட்டு விழுந்துவிடும். கயிறு என் வாயில்தானே கட்டியிருக்கிறது. இவ்வளவுதானே. இதற்கா இத்தனை மாதம்.

பெர்பெத்துவாவுக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. கான்வென்டில் கணக்கின் கடைசி வரியை முதலில் எழுதிவிட்டு முட்டி போட்டவள் அவள். இன்னொருவரிடம் கேட்போம், ஒருநாள் பொறுப்போம், முதலில் அவரிடம் சொல்ல வேண்டியது ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று யோசிப்போம் என்பதெல்லாம் அவளுக்குத் தோன்றவில்லை. அடுப்பில் வைத்துவிட்டுப் போன உலை கொதித்துக்கொண்டிருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகக் கட்டிலுக்குப் போனாள். இன்னாசி அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஏச்சுக்குக் காத்திருக்கிற சந்தோஷம் இருந்தது.

என் பேச்சைக் கேட்காதே. "நோ மே எஸ்குச்செஸ்."

காத்திருந்தாள். அவர் மூச்சு வந்தது. போனது. மறுபடியும் வந்தது. உலை பொங்கி அடுப்பில் வழிந்து சுர்ரென்று அணைந்தது. மூச்சு வந்தது.

"ஏங்க" என்றாள் பெர்பெத்துவா.

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க பாரும். கேக்குதா?"

அவர் கண் அவள் உதட்டுக்கு இறங்கி, மறுபடி அவள் கண்ணுக்கு ஏறியது. அதில் மெதுவாக ஒரு பயம் வந்தது. பெர்பெத்துவாவுக்கு உண்மையிலேயே கோபம் வந்தால் ஏச மாட்டாள். ஜெபமாலையை எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைப்பாள், அது தீரும்வரை அந்த வீட்டில் ஒரு வார்த்தை விழாது. புயலுக்கும் கப்பல் விளக்கில்லாத இரவுக்கும் பயப்படாத மனிதர் முப்பது வருஷமாகப் பயந்தது அந்த ஒன்றுக்குத்தான்.

"என்ன பெர்பெத்துவா" என்றார் இன்னாசி. "எம்மேல என்ன கோவம்?"

"கோவம் இல்ல! ஐயோ, கோவம் இல்லய்யா!"

"நங்கூரத்தத் தூக்குன்னு சொன்னதுக்கா? இனி சொல்லல. பேசு."

அவள் கத்தினாள். அடுத்த வீட்டிலிருந்து அமலோற்பவம் ஓடிவந்தாள். நடந்ததை அவள் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் கட்டில் பக்கம் குனிந்தாள்.

"அண்ணே, மைனி பேசுதாவ. உமக்குத்தான் அவிய பேச்சு கேக்கல."

"ஒம் பேச்சு கேக்குதே அமலி. வாசல்ல ஐஸ் கடிக்கானே ஒம் புருசன், அது கேக்குது. அவ பேச்சு மட்டும் எப்படிக் கேக்காமப் போவும்?" என்றார் இன்னாசி. "அவ சொல்லச் சொன்னாளா? அவ்வளவு கோவமா?"

ஒருமுறை கேட்டுவிட்ட சொல்லைக் கேட்காததாக ஆக்குவதற்கு அந்தப் பாஷையிலும் வழி இல்லை, எந்தப் பாஷையிலும் இல்லை. பழைய சொல் அவருக்குள் வேர்விட்டு நின்றது. புதுச் சொல் கதவை மட்டும் சாத்தியது. பெர்பெத்துவா பென்சிலைத் தேடி எடுத்து, பேப்பர் ஓரத்தில் பெரிதாக எழுதிக் காட்டினாள். அவர் அந்தக் கோடுகளை, கரை தெரியாத கடலைப் பார்ப்பதுபோல, மரியாதையோடு பார்த்தார்.

"ஒரு வார்த்த ஏசு" என்றார். "மந்திரிய ஏசு. டீய ஆறவிட்டேன்னு ஏசு."

அவள் ஏசினாள். மந்திரியை ஏசினாள், மழையை ஏசினாள், வத்தியை, வாத்தியாரை, சிஸ்டரை, சூசையப்பரை, ஆஸ்பத்திரியை, தன் வாயை, அந்த வாயை வளர்த்துவிட்ட கான்வென்டை, செத்துத் தொலையாத அவரை, அவரைச் சாகவிடாத தன்னை. தொண்டை கிழிந்து சத்தம் இறங்கி, உண்மையிலேயே உதடு மட்டும் அசையும் நிலைக்கு வரும்வரை ஏசினாள். அமலோற்பவம் தாங்க முடியாமல் எழுந்து போய்விட்டாள். தெருவில் இரண்டு வீடு தள்ளிக்கூட, இவ்வளவு அழகாக அவள் ஒருநாளும் ஏசியதில்லை என்று சொன்னார்கள்.

இன்னாசி அவள் உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எந்த மன்றாட்டு, ஜெபமாலையில் எத்தனையாவது மணி என்று எண்ணுகிறவரைப்போலப் பார்த்தார். பிறகு அவளைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று, கழுத்தை மட்டும் மெல்லத் திருப்பி, முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டார். அவள் கோபம் தீரட்டும் என்று காத்திருந்தார். காத்திருக்க அவருக்கு நேரம் இருந்தது.